தை அமாவாசையன்று மாமியார் வைத்த இறால்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் காதலர் வீட்டுக்குச் சீனப் புத்தாண்டு ஒன்றுகூடல் விருந்துக்கு முதன்முறையாகப் போகப்போவதாகச் சொன்னாள். "அக்கா, என்ன டிரெஸ் போடட்டும்? கறுப்பு கூடாதாமே?" என்று கேட்டாள். உடை கடைசிக் கவலை என்று ஆரம்பித்தேன், அன்றைய மதிய இடைவேளை முழுவதும் போய்விட்டது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் திருச்சிக்காரி. சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த சீனர் ஒருவரை 2022இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மொழியைச் சொல்லிப் பயமுறுத்தியவர்கள் உண்டு. சாமியைச் சொல்லி, பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியவர்களும் உண்டு. அதிலெல்லாம் ஒரு பிரச்சினையும் வரவில்லை. வந்ததெல்லாம் பண்டிகை நாளில், சாப்பாட்டு மேசையில். பதின்மூன்று மாதத்துக்குள் மூன்று விருந்து கெட்டது. கையை விட்டுப் போன பணம் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்.

முதல் விருந்து 2023 ஜனவரி 21, சனிக்கிழமை. மறுநாள் சீனப் புத்தாண்டு. புத்தாண்டுக்கு முந்தின இரவு, குடும்பத்தில் மூத்தவர் வீட்டில் எல்லாரும் கூடிச் சாப்பிடுவதுதான் ஒன்றுகூடல் விருந்து. வருடம் முழுக்க முகம் பார்க்காதவர்கள்கூட அன்று வந்துவிடுவார்கள். வராமல் இருப்பது நம் ஊரில் சொந்த அண்ணன் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதற்குச் சமம். தோ பாயோவில் என் மாமியார் வீடு, நான்கறை வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. அன்று அதற்குள் பதினான்கு பேர். காலையிலேயே அம்மா போன் செய்திருந்தாள், "இன்னைக்குத் தை அமாவாசைடி, ஞாபகம் இருக்கா?" என்று. ஞாபகம் இல்லாமல் என்ன. மற்ற நாளில் நான் எல்லாம் சாப்பிடுவேன், ஆனால் தை அமாவாசையன்று எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தயிர்சாதம்தான். ரயிலில் போகும்போது கணவரிடம், "இன்றைக்கு நான் சைவம்" என்றேன். "ஓகே" என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் போனில் மூழ்கிவிட்டார். அவர் அதை ஏதோ டயட் என்று நினைத்துக்கொண்டார். நானும் விளக்கவில்லை. காய்கறி ஏதாவது இருக்காதா, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சமாளிக்க முடியாது. அங்கே இருந்தது ஸ்டீம்போட். மேசை நடுவில் ஒரே பாத்திரத்தில் சூப் கொதிக்கும். இறால், மீன் உருண்டை, கோழி, காளான், கீரை எல்லாம் அதற்குள்ளேயே விழும், அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும். முதல் இறால் விழுந்த நிமிடமே கீரையும் அசைவம்தான். அதற்கு முன்னால் எல்லாரும் எழுந்து நின்று சாப்ஸ்டிக்கால் தூக்கிப்போட்டு வாழ்த்துச் சொல்லும் யூஷெங் தட்டு வந்தது. அதன் மேலேயும் பச்சை மீன். பிறகு உட்கார்ந்ததும் மாமியார் தன் கையால் இறாலை உரித்து, முதல் ஆளாக என் கிண்ணத்தில் வைத்தார். வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே இன்னொன்று வைத்தார். அப்புறம் மீனின் கன்னச் சதையை எடுத்து வைத்தார். பதினான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கிண்ணத்தைக் கையால் தள்ளி வைத்துவிட்டேன். மேசை அப்படியே அமைதியானது. மாமியார் அவர்களுடைய சீனக் கிளைமொழியான ஹோக்கியனில் ஏதோ சொன்னார். அது என்னவென்று இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது: "நிச்சயத்தன்று ஹோட்டல் இறாலை ஓட்டோடு சாப்பிட்டாள். நான் சமைத்தது மட்டும் ஆகாதா?" அன்று இரவு பதினொரு மணிக்கு வீட்டில் ரொட்டியும் சர்க்கரையும் தின்றுகொண்டே அழுதேன். கணவர் பக்கத்தில் நின்று, "நீ சொல்லியிருக்கலாமே" என்றார். அவரிடம்தானே சொன்னேன்!

இங்கேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சாப்பாட்டில் உங்களுக்கு ஒரு விலக்கு இருந்தால், அதை மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னால், சமைப்பவரிடம், அவர் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்க வேண்டும். "சொல்லிவிட்டேன்" என்று அவர் சொன்னாலும் நம்ப வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்லுங்கள். "அன்றைக்கு மட்டும்தான், இறந்த முன்னோருக்காக" என்ற காரணத்தோடு சொல்ல வேண்டும். வெறும் "சைவம்" என்றால் அது உங்கள் வீம்பு போலக் கேட்கும். இரண்டாவது, கிண்ணத்தில் கறி எடுத்து வைப்பது வற்புறுத்தல் இல்லை. கட்டிப்பிடிக்காத, "கண்ணு" என்று கூப்பிடாத குடும்பங்களில் பாசத்தைக் காட்டும் வழி அது. அதனால் தள்ளி வைக்காமல், நன்றி சொல்லி அப்படியே விட்டுவிட்டு, கிளம்பும்போது "தபாவ் பண்ணிக்கொள்கிறேன்" என்றால் போதும். சிங்கப்பூரில் தபாவ் என்றால் பொட்டலம் கட்டி எடுத்துப்போவது என்று எல்லாருக்கும் தெரியும். அன்றிரவு மீன் மிஞ்சுவது அவர்களுக்கு நல்ல சகுனமும்கூட. சீனத்தில் மீனுக்கும் உபரிக்கும் ஒரே உச்சரிப்பு என்பதால், முழு மீனையும் காலி செய்யாமல் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். இது தெரிந்திருந்தால் அந்த மீன் கன்னத்தை ராஜ மரியாதையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் தின்றிருப்பேன்.

நாள்காட்டியைப் பற்றியும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சீன மாதம் அமாவாசையில் தொடங்குகிறது. ஆகவே புத்தாண்டு எந்தத் தேதியில் வந்தாலும், அந்த நாளோ அதற்கு முந்தின நாளோ நமக்கு அமாவாசையாகத்தான் இருக்கும். பெரும்பாலும் தை அமாவாசை, தள்ளிப்போனால் மாசி அமாவாசை. 2023இல் விருந்து நாளே தை அமாவாசை. 2024இலும் அப்படியே. 2025இல் ஜனவரி 29, புத்தாண்டு அன்றே. அமாவாசைக்குக் கவுச்சி தொடாத வீட்டுப் பெண் சீனக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டால் வருடா வருடம் இந்த மோதல் வரும் என்பது வானத்திலேயே எழுதியிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

அந்த விருந்தில் இன்னொன்றும் நடந்தது, அதை இறாலோடு சேர்க்க எனக்கு மனமில்லை. கணவரின் பெரிய அத்தை, என்னைப் பார்த்துக்கொண்டே, பிள்ளை அப்பா நிறத்தில் பிறந்தால் நல்லது என்றார், ஆங்கிலத்திலேயே. இரண்டு பேர் சிரித்தார்கள். கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பிறகு பலரிடம் சொன்னபோது, "வயதானவர்கள், அவர்கள் வழக்கம் அப்படி" என்று சமாதானம் சொன்னார்கள். இல்லை. கிண்ணத்தில் இறால் வைப்பது வழக்கம், இது வாய்க்கொழுப்பு. புரியாமல் நடப்பதையும் தெரிந்தே குத்துவதையும் ஒரே கூடையில் போட்டு "கலாசார வித்தியாசம்" என்று மன்னித்துக்கொண்டே போனால், கடைசியில் வெடிப்பது அப்பாவி மாமியார்மேல்தான். எனக்கு அப்படித்தான் ஆனது. அத்தைமேல் இருந்த கோபத்தையெல்லாம் இறால் கிண்ணத்தில் காட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. நிறத்தைப் பற்றி அத்தை மறுபடி வாயைத் திறந்தால் பதில் சொல்ல வேண்டியது கணவர்தான், நான் இல்லை என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அது அவருக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

நியாயமாகப் பேசினால் என் பக்கத்திலும் யோக்கியம் இல்லை. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. திருச்சியிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். செங்காங்கில் எங்கள் வாடகை வீட்டில் விருந்து, சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் வந்தார்கள். வீடியோ அழைப்பில் வந்த என் சித்தப்பா, எல்லாரும் கேட்கும்படி, "பாம்பு பல்லியெல்லாம் சாப்பிடுவாங்களா? கேட்டுச் சொல்லு" என்று சத்தமாகச் சிரித்தார். தமிழ் புரியாது என்ற தைரியம். ஆனால் பாம்பு, பல்லி இரண்டும் என் கணவருக்கு நான் சொல்லிக்கொடுத்த சொற்களில் இருந்தன. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் போனை அணைத்தேனே தவிர, சித்தப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணவரை மட்டும் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அது போகட்டும், உண்மையான கலவரம் அதன் பிறகுதான். என் அப்பா, சம்பந்திக்கு என்று மலைக்கோட்டைப் படம் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்றை விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். புதுமனை புகுவிழா, கல்யாணம் எதுவானாலும் நம் ஊரில் கடிகாரம் மரியாதையான பரிசு. அதைப் பிரித்ததும் மாமியார் முகம் வெளுத்துவிட்டது. மாமனார் சட்டைப் பையில் துழாவி, ஒரு வெள்ளி மதிப்புள்ள நாணயத்தை எடுத்து அப்பா கையில் வைத்தார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன கடைக்காரனா? காசு குடுக்கறாரு!" என்று என்னைப் பார்த்தார், நாணயத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். சீனத்தில் கடிகாரம் கொடுப்பது என்ற சொற்கள், ஒருவரைச் சாவுவரை அனுப்பிவைப்பது என்ற சொற்களைப் போலவே ஒலிக்கும். அதனால் கடிகாரம் கொடுப்பது அபசகுனம். வாங்கியவர் ஒரு நாணயம் திருப்பிக் கொடுத்தால் அது பரிசாக இல்லாமல் விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும், தோஷம் போகும். மாமனார் செய்தது அவமரியாதை இல்லை, என் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். அது எனக்கே அன்று இரவுதான் தெரிந்தது.

அது முடிவதற்குள் ஓரகத்தியின் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா உறையில் பணம் கொடுத்தார். உறை சிவப்பாக இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன், பெருமையாக. உள்ளே 51 வெள்ளி. மொய் என்றால் ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதுதானே நமக்கு மங்கலம். அவர்களுக்கோ நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை. ஒற்றைப்படையில் வைப்பது துக்க வீட்டில். பெரியவன் உறையைப் பிரித்து எண்ணி, ஒரு வெள்ளியைத் தனியாகத் தூக்கிக் காட்டினான். ஓரகத்தி அவன் கையைக் கீழே அழுத்தினாள். இதற்கு நடுவில் தேக்கா சந்தையில் வாங்கிவந்த வாழை இலையில் சாப்பிட்டு முடித்த மாமனார், இலையை எதிர்ப்பக்கமாக மூடிவைத்தார். நம் பக்கம் அப்படி மூடுவது கருமாதிச் சாப்பாட்டில். அம்மா "சிவ சிவா" என்று சமையலறைக்குள் போனாள். ஆக ஒரே பந்தியில், ஒருவருக்கொருவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத இரண்டு குடும்பம், மாறி மாறிச் சாவு சகுனம் செய்துகொண்டது. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மாமியாருக்கு அன்று வருத்தம் கடிகாரத்தால்கூட இல்லையாம். அது பிறகு தெரிந்தது. என் அம்மா கடைசிவரை உட்காரவே இல்லை, அதுதான் வருத்தம். நமக்கு விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகு வீட்டுக்காரி சாப்பிடுவதுதான் மரியாதை. அவர்களுக்குச் சேர்ந்து உட்கார்வதுதான் விருந்து. "உன் அம்மா எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட விரும்பவில்லை" என்று மாமியார் கணவரிடம் சொல்லியிருக்கிறார். ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்றவளைப் பற்றி! ஆகவே சம்பந்தி விருந்து வைத்தால், பரிமாற வேறு யாரையாவது நிறுத்துங்கள், அம்மாவைப் பலகாரத் தட்டோடாவது அவர்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். இலையை எந்தப் பக்கம் மூடுவது என்பதைப் பாயசம் வரும்போதே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். சீன வீட்டுக்குப் பரிசு என்றால் கடிகாரம், குடை, கத்தி, பேரிக்காய் வேண்டாம். கைக்குட்டையும் வேண்டாம். புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் இரண்டு, இரண்டு கையாலும் கொடுத்தால் ஒரு குறையும் வராது. உறையில் இரட்டைப்படைத் தொகை, அதிலும் 4 கூடாது, சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும். உங்கள் பெற்றோர் ஊரிலிருந்து என்ன கொண்டுவருகிறார்கள் என்பதைப் பெட்டி கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருந்தேன். "ஒரு சின்ன சாமான்" என்றார் அப்பா. அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது என் அதிபுத்திசாலித்தனம். வீட்டில் வைத்தால்தானே சண்டை, 2024 ஒன்றுகூடல் விருந்தைப் பொது இடத்தில் வைத்துவிடலாம், இரண்டு குடும்பத்தையும் சமாதானப்படுத்திவிடலாம் என்று டிசம்பரிலேயே ஓர் உணவகத்தில் பதிவு செய்தேன். பத்துப் பேருக்கு 888 வெள்ளி, அதற்குமேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அந்த ஜனவரியில் ஒன்பது விழுக்காடாக ஏறிய ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,065 வெள்ளி. முன்பணம் 400, திரும்பக் கிடைக்காது. புத்தாண்டுக்கு முந்தின இரவு இங்கே உணவகங்கள் இரண்டு பந்தியாக நடத்துவார்கள். எனக்குக் கிடைத்தது முதல் பந்தி, ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஏழரைக்கு எழுந்துவிட வேண்டும். அப்பா அம்மா திருச்சியிலிருந்து வந்து போக இரண்டு டிக்கெட்டும் போட்டேன், 620 வெள்ளி. மலிவான வகை என்பதால் அதுவும் திரும்பாது. எல்லாம் முடித்துவிட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், இன்ப அதிர்ச்சி கொடுப்பதாக நினைத்துக்கொண்டு போட்டேன்.

மாமியார் பதிலே போடவில்லை. மாமனார் கணவரைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் அடுப்பு எரியாமல் ஒன்றுகூடல் விருந்து நடந்ததில்லை என்றார். மறுநாள் அப்பாவிடமிருந்து போன். "பிப்ரவரி 9ஆம் தேதி என்னன்னு பாத்தியா? தை அமாவாசை. நான் காவிரிக்கரை அம்மா மண்டபத்துல தர்ப்பணம் பண்ணாம, அங்க வந்து வாத்துக்கறி சாப்பிடணுமா?" ஒரு வருடம் அழுதும் நான் நாள்காட்டியைப் பார்க்கவில்லை! யாரும் வரவில்லை. 1,020 வெள்ளி போயிற்று. பணத்தைவிட வலித்தது, என் சமாதான விருந்தை இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் நிராகரித்தது. விருந்தன்று இரவு கணவர் மட்டும் தோ பாயோவுக்குப் போனார். நான் வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். பெரியவர்களைக் கேட்காமல் இடத்தை மாற்றாதீர்கள், அவர்கள் "சரி" என்று வாயால் சொல்லும்வரை முன்பணம் கட்டாதீர்கள் என்பதற்குமேல் இதைப் பற்றி நினைக்கப் பிடிக்கவில்லை.

மறுநாள், புத்தாண்டின் முதல் நாள், போகாமல் இருக்க முடியாது. இரண்டு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு போனேன். மாமியார் மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் காளான், டோஃபு, முட்டைக்கோஸ், சேமியா. கறி ஒரு துண்டு இல்லை. உடம்பு சரியில்லையா என்று ஓரகத்தியிடம் கேட்டேன். "இல்லை, முதல் நாள் அம்மா சைவம். எல்லா மாதமும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான், உனக்குத் தெரியாதா?" என்றாள். சீன மாதத்தின் பதினைந்தாம் நாள் என்றால் பௌர்ணமி. முதல் நாள் என்றால் அமாவாசை, அல்லது அதன் மறுநாள். நான் அப்படியே நின்றேன். ஓரகத்தியை வைத்துக்கொண்டே மாமியாரிடம் சொன்னேன்: போன வருடம் நான் இறால் சாப்பிடாதது இதனால்தான். எங்கள் பஞ்சாங்கத்தில் அன்று முன்னோர் நாள். அப்பா ஆற்றங்கரையில் தாத்தா பாட்டிக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார், வீட்டில் யாரும் கறி தொடமாட்டோம்.

மாமியார் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். எழுந்துபோய் கூடத்து மூலையில் இருந்த பூசை மாடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். மேலே கருணைத் தெய்வமான குவான் யின், கீழே அவருடைய மாமனார் மாமியார் படங்கள். முந்தின நாள் மதியம், விருந்துக்கு முன்னால், கோழியும் வாத்தும் மீனும் சமைத்து முதலில் அவர்களுக்குப் படைத்துவிட்டுத்தான் இரவு எல்லாரும் சாப்பிடுவார்களாம், ஒவ்வொரு வருடமும். அதனால்தான் உணவகம் கூடாது. ஒரே நாளில், ஒரே காரணத்துக்காக, அவர் கறி சமைத்தார், நான் கறியை ஒதுக்கினேன். நான் அழுதுவிட்டேன். மாமியார் அழவில்லை. "இதை முதலிலேயே சொல்ல உன் வாய்க்கு என்ன ஆயிற்று?" என்று அதட்டினார். ஓரகத்தி மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்தது. குவான் யின்னை வணங்குவதால் அவர் மாட்டிறைச்சி தொடுவதில்லை என்பதும் அன்றுதான் தெரியவந்தது. தன் சம்பந்தி மாட்டிறைச்சி சமைத்த கரண்டி கலந்துவிடும் என்று பயந்து என் அம்மா திருச்சியிலிருந்து தனிப் பாத்திரம் கொண்டுவந்து என் சமையலறையில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். பெரிய அத்தை இன்னும் அப்படியேதான் இருக்கிறார். 2025 விருந்தில் மறுபடியும் பிள்ளைப் பேச்சை எடுத்தார். இந்த முறை கணவர் நிமிர்ந்து, "ஆ கோ (அத்தை), அந்தப் பேச்சு வேண்டாம்" என்றார். மேசை மறுபடியும் அமைதியானது, ஆனால் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நான் செய்வது சில சின்ன வேலைகள்தான். இரண்டு வாரம் முன்பே மாமியாருக்குப் போன் போட்டு, அவருடைய தினசரிக் கிழிப்பு நாள்காட்டியையும் அம்மா அனுப்பும் தமிழ் நாள்காட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறோம், அவருக்கு அதில் இப்போது என்னைவிட ஆர்வம். ஸ்டீம்போட்டுக்கு நடுவில் தடுப்பு வைத்த பாத்திரம் வாங்கிக் கொடுத்தேன், ஒரு பக்கம் எனக்கு. யூஷெங்கில் மீன் சேர்ப்பதற்கு முன் என் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுவார் ஓரகத்தி. உறவுமுறைகளைக் கற்றுக்கொண்டேன். தமிழருக்கு அது சுலபம், ஆங்கிலத்தைப் போல எல்லாரும் அங்கிள் இல்லை. பெரியப்பா ஆ பெக், சித்தப்பா ஆ செக், தாய்மாமனுக்குத் தனிச்சொல் ஆ கூ. சாப்பிடும் முன் மூத்தவரிலிருந்து ஒவ்வொருவரையும் முறை சொல்லி, "ஜியாக்", அதாவது "சாப்பிடுங்கள்" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் இளையவர்கள் கை வைக்க வேண்டும். முதல் வருடம் நான் அதையும் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது.

கடிகாரக் கதை பாக்கி இருக்கிறது. நாணயத்தின் அர்த்தத்தை அப்பாவிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவர் கோபத்தில் இருந்தார், நான் தள்ளிப்போட்டேன், பிறகு போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது. மாமியார் அதைத் தன் வீட்டில் மாட்டாமல், வீசவும் மனமில்லாமல், கணவரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் கூடத்தில் மாட்டினோம். 2024 தீபாவளிக்கு அப்பா வந்தபோது செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிட்டார். "இது எப்படி இங்க?" என்றார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒலி ஒற்றுமை, தோஷம், நாணயம், விலைக்கு வாங்கிய கணக்கு. எடுத்து வைத்திருந்த அந்த ஒரு வெள்ளி நாணயத்தையும் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. கோபம் இன்னும் போகவில்லையோ என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆயிரத்து முந்நூறு ரூபா குடுத்து வாங்கினேன்" என்றார் கடைசியில். "ஒரு வெள்ளிக்கு வித்துட்டேனே."